வயிற்று வாயு சார்ந்த கோவைகளில் வரும் குறியீட்டுப் பிழைகள்: அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளின் பதிவேட்டு அறைகளில் பணியாற்றுவோருக்கும், விடுதிகளில் நோயாளர் கோவையை எழுதும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களுக்கும், தனியார் வைத்தியசாலைகளில் காப்புறுதிப் பத்திரங்களை நிரப்புவோருக்கும் இந்த வழிமுறை எழுதப்படுகிறது. வயிற்றூதல், பொருமல், ஏப்பம், வாயுக் குத்து, வாயு பிரிதல் ஆகியன வெளிநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கும் முறைப்பாடுகள். இவை அனைத்துக்கும், நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேச வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.-10 ஒதுக்கியிருக்கும் இடம் ஆர்14 என்ற ஒரே குறியீடு. அது பதினெட்டாம் அத்தியாயத்தில், அதாவது நோய் இன்னதென்று துணியப்படாத நிலையில் அறிகுறிகளையும் அடையாளங்களையும் மட்டும் பதிந்து வைக்கும் அத்தியாயத்தில் இருக்கிறது. காரணத்தைத் தேடியும் கிடைக்காதபோது இடவேண்டிய அந்தக் குறியீட்டைத் தேடாமலே இடுவதுதான் கீழே வரும் பிழைகளுள் பெரும்பாலானவற்றின் வேர்.

குறியீடுகளின் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன். குழப்பம் வராதிருக்க, இருபதாம் ஆங்கில எழுத்தை ‘ரி’ என்றும் நான்காம் எழுத்தை ‘டி’ என்றும் எழுதுகிறேன்.

ஒரே கோவைக்கு இருவர் இரு குறியீடு தருகிறார்கள்

இப்படி நேரும்போது முதலில் பார்க்க வேண்டியது மேசையில் எந்த நூல் இருக்கிறது என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 ஒன்று, அதை விரித்து அமெரிக்கா 2015 ஒக்டோபர் 1 முதல் பயன்படுத்திவரும் ஐ.சி.டி.-10-சி.எம். மற்றொன்று. இலங்கையின் அரச வைத்தியசாலைகள் விடுதி நோயாளரின் நோய், மரண விபரங்களை முன்னைய நூலின்படி திரட்டுகின்றன. இணையவழி மெடிக்கல் கோடிங் வகுப்புகளோ, குறிப்பாக அமெரிக்கக் காப்புறுதிக் கோரிக்கைகளைக் கையாளும் சென்னை நிறுவனங்களுக்கு ஆள் பயிற்றும் வகுப்புகள், பின்னைய நூலைக் கற்பிக்கின்றன. அங்கு படித்துவிட்டு இங்கு வேலைக்கு வரும் இளையோர் திறமையாகவே குறியிடுகிறார்கள், நூல்தான் வேறு.

உலக நூலில் ஆர்14க்கு உட்பிரிவு இல்லை. சி.எம். நூலிலோ ஆர்14.0 வாயுவால் வயிறு ஊதல், ஆர்14.1 வாயு வலி, ஆர்14.2 ஏப்பம், ஆர்14.3 வாயு பிரிதல் என நான்கு உண்டு. அங்கு வெறும் ஆர்14 என்று எழுதினால் குறியீடு முழுமையற்றதாகக் கருதப்பட்டுக் கோரிக்கை திரும்பி வரும். இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதால் ஆபத்துக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு கே58இல் இருக்கிறது. குடல் எரிச்சல் நோய், அதாவது ஐ.பி.எஸ்., உலக நூலின் பிந்திய பதிப்புகளில் வயிற்றோட்டம் மேலோங்கினால் கே58.1, மலச்சிக்கல் மேலோங்கினால் கே58.2, இரண்டும் கலந்தால் கே58.3 ஆகும். சி.எம். நூலில் வயிற்றோட்டத்துடன் கே58.0, மலச்சிக்கலுடன் கே58.1, கலந்தது கே58.2. ஆகவே கே58.1 என்று எழுதினால் ஒரு நூலில் வயிற்றோட்டம், மற்றதில் மலச்சிக்கல். இரு நூல்களிலும் அது செல்லுபடியான குறியீடு என்பதால் எந்த மென்பொருளும் இதைப் பிழையென்று காட்டாது. உலக நூலின் பழைய அச்சுப் பிரதியில் கே58.0, கே58.9 ஆகிய இரண்டுமே இருந்தன. அந்தப் பிரதி இன்னும் அலுமாரியில் இருக்குமானால் மூன்றாவது குழப்பமும் சேர்ந்துவிடும்.

இதை நீக்குவது எளிது. குறியீட்டுத் தாளின் தலைப்பிலேயே எந்த நூல், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதிவிட வேண்டும். அரசுக்குப் போகும் அறிக்கையையும் வெளிநாட்டுக் காப்புறுதிக்குப் போகும் பத்திரத்தையும் ஒரே ஆள் ஒரே நாளில் நிரப்புவதாயின் இரண்டையும் தனித்தனிக் கட்டுகளாக வைத்து, ஒன்றை முடித்த பின்னரே மற்றதைத் தொட வேண்டும்.

காலாண்டு அறிக்கையில் ஆர்14 பெருகியிருக்கிறது

வயிற்றூதலுக்காக மட்டும் ஒருவரை விடுதியில் அனுமதித்து, இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, எதுவும் கண்டுபிடிக்காமல் அனுப்புவது நடக்கக்கூடியதே. ஆனால் அடிக்கடி நடக்காது. ஆர்14 ஒரு விடுதியில் மாத்திரம் கூடித் தெரிந்தால், அங்கே அனுமதியின்போது எழுதிய முறைப்பாடே வெளியேற்றத்தின்போதும் இறுதி நோயறிதலாக நின்றுவிட்டது என்று கொள்ளலாம். கோவையின் முதற்பக்கத்தை மட்டும் பார்த்துக் குறியிடும் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது.

கோவையைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். முதலில் டயக்னோசிஸ் கார்ட்டின் (வெளியேறும்போது நோயாளரிடம் கொடுக்கும் அட்டை) பிரதி, பிறகு விசேட வைத்திய நிபுணரின் சுற்றுக் குறிப்புகள், பிறகு ஸ்கான், எக்ஸ்ரே, எண்டொஸ்கோப்பி அறிக்கைகள், பிறகு கொடுத்த மருந்துகள், இறுதியில்தான் அனுமதிக் குறிப்பு. பிரதான நோய்நிலை என்பது அந்தச் சிகிச்சைக் கட்டத்தின் முடிவில் துணியப்பட்டதும், நோயாளருக்குச் சிகிச்சையோ பரிசோதனையோ தேவைப்பட்டமைக்கு முதன்மைக் காரணமானதுமான நிலை என்று உலக நூலின் இரண்டாம் தொகுதி வரையறுக்கிறது. அதே தொகுதியில் மறுதெரிவு விதிகள் ஐந்து இருக்கின்றன. அவற்றுள் மூன்றாவது, எம்.பி.3, நமக்கு மிகவும் வேண்டியது: பிரதான நிலையாக எழுதப்பட்டது ஓர் அறிகுறி மட்டுமே என்றும், அதற்குக் காரணமான நோய் அதே கோவையில் துணியப்பட்டு அதற்கே சிகிச்சையும் நடந்திருக்கிறது என்றும் தெரிந்தால், அந்த நோயைப் பிரதான நிலையாக மறுதெரிவு செய்யலாம். முதற்பக்கத்தில் வயிற்றூதல் என்றும், உள்ளே ஸ்கானுடன் பித்தப்பைக் கல் என்றும், அதற்கே சிகிச்சை என்றும் இருந்தால் ஆர்14 நீங்கி கே80 வருவது இந்த விதியால்தான்.

ஐந்தாவது விதி இதற்கு எதிர்ப்பக்கம் காவல் நிற்கிறது. “வயிற்றூதல், ஐ.பி.எஸ். ஆகவோ லாக்டோஸ் ஒவ்வாமையாகவோ இருக்கலாம்” என்று வைத்தியர் இரண்டுக்கும் இடம்விட்டு எழுதியிருந்தால், அங்கே அறிகுறியையே பிரதான நிலையாக எடுக்க வேண்டும். ஆர்14 முறையாக வரும் இடம் இது. அதைக் குறைபாடாக எண்ணி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குறியிடுபவரின் வேலையன்று.

விதிகளால் தீராத கோவைகளுக்கு வினாச் சீட்டு வேண்டும். விடையை ஊட்டும் வினா கூடாது. “இது ஐ.பி.எஸ். தானே?” என்று கேட்டால் வேலைப்பளுவில் இருக்கும் வைத்தியர் ஆமென்று கையெழுத்திட்டுவிடுவார், அதன்பின் கோவையில் இருப்பது குறியிடுபவரின் ஊகமே. “இறுதி நோயறிதல் ‘காஸ்’ என்று உள்ளது. எட்டாம் பக்கத்தில் வயிற்று ஸ்கான் அறிக்கை உண்டு. வெளியேற்றத்தின்போது காரணம் துணியப்பட்டதா? துணியப்பட்டிருந்தால் எழுதவும், இல்லையெனில் இல்லை என்று எழுதவும்” என்று கேட்பதே முறை. துணியப்படவில்லை என்பதும் ஒரு நல்ல விடைதான். அதை வைத்தியரே எழுதிவிட்டால் ஆர்14 தன் தகுதியோடு நிற்கும்.

நெஞ்சு நோவுடன் வந்தவரின் கோவையில் ‘காஸ்’ என்று இருக்கிறது

இந்த இடத்தில் நின்று நிதானித்துப் போக வேண்டும். இலங்கையில் வைத்தியசாலை மரணங்களுக்கான காரணங்களுள் குருதியோட்டக் குறைவால் வரும் இதய நோய் நீண்டகாலமாகவே முதன்மை வகித்து வருகிறது. அந்த நோயின் முதல் முறைப்பாடு நம் ஊரில் மிகப் பல வேளைகளில் “காஸ் குத்துது”, “வாய்வு நெஞ்சுக்குள்ள அடைச்சுப் போச்சு” என்ற வடிவில்தான் வருகிறது. வீட்டில் இஞ்சித் தண்ணீரும் ஓமமும் கொடுத்துப் பார்த்துவிட்டு வருபவர்கள் தாமதித்தே வருகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களிலும், முதியவர்களிலும், பெண்களிலும் மாரடைப்பு மேல்வயிற்று அசௌகரியமாகவோ ஏப்பமாகவோ மூச்சுமுட்டாகவோ மாத்திரம் தோன்றக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் வலியுறுத்தும் உண்மை.

ஒரு கோவையை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுள்ள ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, மேல்வயிற்றில் இறுக்கமும் ஏப்பமும் என்று இரவு வருகிறார். முதல் ஈ.சி.ஜி.யில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அமிலநீக்கி மருந்து கொடுத்து விடுதியில் வைத்திருக்கிறார்கள். அதிகாலையில் எடுத்த இரண்டாம் ஈ.சி.ஜி.யிலும் இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரொபொனின் இரத்தப் பரிசோதனையிலும் மாரடைப்பு உறுதியாகி இதய விடுதிக்கு மாற்றுகிறார்கள். அனுமதிப் பதிவேட்டில் மட்டும் “காஸ்ட்ரைட்டிஸ்” என்று இருக்கிறது. மாற்றிய விடுதியிலோ ஐ21. ஒரே நோயாளர் இரண்டு வரிகளில் இரண்டு நோயாக எண்ணப்படும் நிலை இது. மாற்றம் ஒரே வைத்தியசாலைக்குள் நடந்திருந்தால் கோவை ஒன்றே, கட்டம் ஒன்றே. குறியீடு ஐ21இன் கீழ் உரிய நான்காம் எண்ணுடனும் (புள்ளிக்குப் பின் வரும் எண்), உடனிருக்கும் நிலையாக நீரிழிவு ஈ11இன் கீழும் வரும். மேல்வயிற்று இறுக்கமும் ஏப்பமும் தனிக் குறியீடு பெறா, ஏனென்றால் அவை அந்த நோயின் வெளிப்பாடுகள். உலக நூலில் ஐ21 என்பது தொடங்கி நான்கு கிழமைக்கு, அதாவது 28 நாளுக்கு உட்பட்ட மாரடைப்புக்கே உரியது. ஆகவே நோவு தொடங்கிய நாளும் நேரமும் கோவையில் இருந்தாக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாரடைப்போ என்று ஐயுற்று அனுமதித்து, தொடர் ஈ.சி.ஜி.களும் ட்ரொபொனினும் பார்த்து, இல்லையென்று உறுதிசெய்து, வேறு நோயும் துணியாமல் அனுப்பிவிட்டால் அது ஆர்14 ஆகாது. ஐயத்தின்பேரில் கண்காணித்து விலக்கிய நிலைக்கு உலக நூல் இசட்03.4 என்ற குறியீட்டை வைத்திருக்கிறது. அந்த அனுமதியில் செலவான கட்டிலும் ஈ.சி.ஜி.யும் ஆள் உழைப்பும் எதற்காக என்று அந்தக் குறியீடு சொல்லும், ஆர்14 சொல்லாது. விலக்கிய பின்னர் உணவுக்குழாய்ப் பின்னோட்ட நோய் என்று துணிந்தால் கே21, நெஞ்செரிவு என்ற அறிகுறியளவில் நின்றால் ஆர்12, நெஞ்சு நோவு என்றளவில் நின்றால் ஆர்07.

வைத்தியர் எழுதவேண்டியவை அதிகமில்லை. நோவு தொடங்கிய நேரம், இடம், தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவியதா, வியர்த்ததா, நடந்தால் கூடுகிறதா, உணவோடு தொடர்புண்டா, ஒவ்வொரு ஈ.சி.ஜி.யும் எடுத்த நேரம் ஆகியவை போதும். நோயாளர் சொன்ன வசனத்தையும் அப்படியே மேற்கோளாக, தமிழிலேயே எழுதிவைப்பது நல்லது. கோவை ஆங்கிலத்தில் எழுதப்படுவதாலும், தென்பகுதியிலிருந்து வந்து பணிபுரியும் வைத்தியருக்குத் தாதியோ உறவினரோ இடையில் நின்று சொல்வதாலும், “நெஞ்சுக்குள்ள அடைக்குது” என்பது “காஸ்” என்று சுருங்கிக் கோவைக்குள் போய்விடுகிறது. மேற்கோள் இருந்தால் மறுநாள் சுற்றுக்கு வரும் நிபுணர் அதைத் தாமே படித்துக்கொள்வார்.

வயிறு ஊதியிருக்கிறது, வாயு பிரியவில்லை என்று குறிப்பு உள்ளது, குறியீடு ஆர்14

இந்த இரண்டு குறிப்பும் ஒருசேர இருக்கும் கோவையில் ஆர்14ஐ இட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவே கூடாது. நோவு, வாந்தி, ஊதல், மலமும் வாயுவும் அறவே வெளியேறாமை ஆகிய நான்கும் குடல் அடைப்பின் தலையாய அறிகுறிகள். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் காற்று–நீர் மட்டங்கள் என்று குறிப்பிருந்தால் ஐயம் இன்னும் வலுக்கும். உலக நூலில் கே56 என்ற குடும்பம் இதற்குரியது: அசைவற்ற குடல் கே56.0, குடல் முறுக்கல் கே56.2, வடு இழைகள் ஒட்டியதால் அடைப்பு கே56.5, வேறு விதமான அல்லது விபரம் கூறப்படாத அடைப்பு கே56.6. குடலிறக்கத்தால் அடைபட்டிருந்தால் அது கே56இல் வராது. கே40 முதல் கே46 வரையுள்ள குடலிறக்கக் குறியீடுகளிலேயே அடைப்பையும் சேர்த்துச் சொல்லும் எண் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் அடைப்பும் கே56இலிருந்து விலக்கப்பட்டு கே91.3க்குப் போகிறது. பொட்டாசியம் குறைந்ததால் குடல் அசைவு நின்றது என்று வைத்தியர் எழுதியிருந்தால் ஈ87.6ஐயும் சேர்க்க வேண்டும்.

சத்திரசிகிச்சை விடுதியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அறுவைக்குப் பிந்திய முதல் நாட்களில் வயிறு சற்று ஊதியிருப்பதும் வாயு பிரியத் தாமதிப்பதும் எதிர்பார்க்கப்படுவதே. தாதியரின் தினக் குறிப்பில் அது இருக்கிறது என்பதற்காகச் சிக்கல்நிலைக் குறியீடு இடக்கூடாது. அது வழமைக்கு மாறானது, அறுவையால் விளைந்தது என்று வைத்தியர் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிடில் கேட்க வேண்டும்.

வெளிநோயாளர் துண்டில் “வயிறு ஊதல்” என்று எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாயு பிரிகிறதா, கடைசியாக மலம் கழித்தது எப்போது, முன்னர் வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததா என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். நம்மவர்கள், குறிப்பாக வயதான அம்மாமார், இளம் வைத்தியரிடம் வாயு பிரிவதைப் பற்றித் தாமாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். “அம்மா, காத்துப் போகுதோ?” என்று வைத்தியர் இயல்பாகக் கேட்டால் விடை வரும்.

‘வயிறு ஊதல்’ என்ற சொல் உண்டு, வாயு என்ற சான்று இல்லை

வயிறு பெருத்திருப்பதெல்லாம் வாயுவால் அன்று. நீர் கோத்தல் ஆர்18. அதற்குக் காரணமான ஈரல் சுருக்கம் துணியப்பட்டிருந்தால் அதுவே பிரதான நிலையாகும். மதுவால் என்று எழுதப்பட்டிருந்தால் கே70.3. கட்டியோ வீக்கமோ கைக்குத் தட்டுப்பட்டு, இன்னதென்று தெரியாதிருந்தால் ஆர்19.0. சிறுநீர் தேங்கி அடிவயிறு பெருத்திருந்தால் ஆர்33. நடுத்தர வயதைக் கடந்த பெண்ணொருவர் மாதக்கணக்கில் வயிறு ஊதல், சிறிது உண்டாலே நிறைந்துவிடுதல் என்று மீண்டும் மீண்டும் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து ஒவ்வொரு முறையும் “காஸ்” என்றே எழுதப்பட்டிருந்தால், அந்த வரிசையைக் கண்டுகொள்ளக்கூடியவர் பல வேளைகளில் பதிவேட்டு அறையில் இருப்பவர்தான். சூலகப் புற்றுநோய் அப்படித்தான் மெதுவாகத் தொடங்குகிறது. நோயறிதலை நாம் சொல்லக்கூடாது. ஆனால் ஒரே முறைப்பாட்டுக்கு எத்தனையாவது வருகை இது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதிவிட நமக்கு எந்தத் தடையும் இல்லை.

மாரி காலத்தில் இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். கார்த்திகை தொடங்கி தை வரை யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகும் காலம். வயிற்று நோவு, விடாத வாந்தி, உடலறைகளில் நீர் கசிந்து சேர்தல் ஆகியவை டெங்கின் எச்சரிக்கை அறிகுறிகள். காய்ச்சல் விடுதியில் “வயிறு பொருமல்” என்று எழுதப்பட்ட கோவையில் இரத்தத்தட்டு எண்ணிக்கையும் செவ்வணுச் செறிவும் தொடர்ந்து பார்க்கப்பட்டிருந்தால் அங்கே ஆர்14க்கு வேலையில்லை. உலக நூலின் பிந்திய பதிப்பில் எச்சரிக்கை அறிகுறிகளுடன் கூடிய டெங்கு ஏ97.1. சி.எம். நூலும் உலக நூலின் பழைய பிரதியும் ஏ90, ஏ91 என்று காட்டும்.

எல்லோருக்கும் ‘காஸ்ட்ரைட்டிஸ்’

காஸ்ட்ரைட்டிஸ் என்பது இரைப்பையின் உட்சுவர் அழற்சி. அதை உறுதிசெய்வது எண்டொஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும். நம் ஊரிலோ சாப்பாடு பிந்தினால் வரும் எரிவு முதல் ஏப்பம் வரை அனைத்துக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது; நோயாளர் சொன்னதை வைத்தியரும் அப்படியே எழுதிவிடுகிறார். கே29.7 அதனால் தன் அளவுக்கு மீறி வளர்கிறது. ஆயினும் வைத்தியர் காஸ்ட்ரைட்டிஸ் என்று கையெழுத்திட்டு எழுதியதை, எண்டொஸ்கோப்பி செய்யவில்லை என்ற காரணம் காட்டிக் குறியிடுபவர் தாமாக ஆர்10.1 என்று மாற்றக்கூடாது. எழுதியதைக் குறியிட்டுவிட்டு, அந்த விடுதியின் கோவைகளைத் திரட்டி மாதாந்தக் கூட்டத்தில் வைத்தியர்களிடம் எடுத்துச்சொல்வதே நிலைக்கும் திருத்தம். செயற்பாட்டுச் செமியாமை கே30, நெஞ்செரிவு ஆர்12, மேல்வயிற்று நோவு ஆர்10.1, பின்னோட்ட நோய் கே21 என்று எழுதிய சிறு அட்டையொன்றை வெளிநோயாளர் மேசையில் வைத்தால் எழுதும் கை தானாகவே திருந்துகிறது.

சித்த வைத்தியரின் கடிதத்தோடு வருபவர்களின் கோவைகளும் இங்கே அடங்கும். கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படும் மண்ணில் “குன்மம்” என்ற நோயறிதலோடு வருபவர் புதியவரல்லர். சித்த நூல்கள் அதை எட்டு வகையாகப் பகுக்கின்றன. அதைக் கண்டவுடன் இரைப்பைப் புண் என்று கே25ஐ இடுவது தவறு. மேலைமுறை வைத்தியர் தாமே துணிந்து எழுதியதற்கே குறியீடு. சித்தக் கடிதம் வரலாற்றுப் பகுதியில் அதே சொல்லோடு இருக்கட்டும்.

ஐ.பி.எஸ். என்றும் லாக்டோஸ் ஒவ்வாமை என்றும் எழுதியிருக்கிறது, உட்பிரிவுக்குத் தகவல் இல்லை

ஐ.பி.எஸ். என்பதற்கு 2016இல் வெளியான, குடலின் செயற்பாட்டு நோய்களைத் துணிய உதவும் நான்காம் ரோம் அளவுகோல்கள் கேட்பவை இவை: கடந்த மூன்று மாதங்களில் சராசரியாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று நோவு, அது மலம் கழிப்பதோடு தொடர்புறுதல், மலம் போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு உடனிருத்தல், அறிகுறிகள் தொடங்கிக் குறைந்தது ஆறு மாதமாகியிருத்தல். நோவில்லாமல் ஊதல் மட்டும் இருந்தால் அது ஐ.பி.எஸ். ஆகாது. கிளினிக் குறிப்பில் இந்த மூன்றும், எந்த வகை மலம் மேலோங்கியது என்பதும் இருந்தால் நான்காம் எண் தானாகக் கிடைக்கும். இல்லாதபோது உலக நூலில் கே58.8.

லாக்டோஸ் ஒவ்வாமை ஈ73இன் கீழ் வரும். வயிற்றோட்டத்துக்குப் பின் தற்காலிகமாக வந்ததாயின் ஈ73.1, விபரமில்லையாயின் ஈ73.9. பால்தேத்தண்ணி குடித்தால் வயிறு பொருமுகிறது என்று நோயாளர் சொல்வதால் மட்டும் இது துணியப்படாது. பாலை நிறுத்திப் பார்த்தபோது என்ன நடந்தது, மீண்டும் கொடுத்தபோது என்ன நடந்தது என்ற இரண்டு வரியும் வேண்டும். ஐதரசன் மூச்சுப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால், அடிப்படை அளவிலிருந்து மில்லியனுக்கு 20 பங்கு அல்லது அதற்கு மேல் உயர்ந்தமை நேர்விடையாகக் கொள்ளப்படுகிறது. அந்த எண்ணையும் கோவையில் பதிய வேண்டும். பயறு, கடலை, பலாக்கொட்டை, மரவள்ளி உண்ட பின் ஒரு நாள் வந்து போன பொருமலுக்கு ஆர்14 போதும். அதற்கு நோய்ப்பெயர் தேட வேண்டியதில்லை.

காப்புறுதி நிறுவனம் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது

சி.எம். முறையில் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, நோயையும் அதன் வழமையான அறிகுறியையும் அருகருகே குறியிடுவது: கே58.0உடன் ஆர்14.0 தேவையில்லை, ஏனெனில் ஊதல் அந்த நோயோடு வழமையாக வருவது. அந்த நோயில் வழமையாக வராத அறிகுறியாயின் சேர்க்கலாம். மற்றது, ஐயநிலையை உறுதிநிலையாகக் குறியிடுவது. “இருக்கலாம்”, “ஐயம்”, “விலக்கப்பட வேண்டும்” என்ற சொற்களோடு எழுதிய நோயறிதலை வெளிநோயாளர் கோவையில் சி.எம். விதிகள் குறியிட அனுமதிப்பதில்லை; அங்கே அறிகுறியே குறியீடு. விடுதி நோயாளரின் வெளியேற்றக் குறிப்பிலாயின் அதை இருப்பதாகக் கொண்டு குறியிடலாம். இந்த இரு விதிகளும் எதிர்த்திசையில் போவதால், பத்திரம் வெளிநோயாளருக்கா விடுதி நோயாளருக்கா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தையின் கோவை

அழுதுகொண்டிருக்கும் சிசுவின் வயிற்று நோவு, உலக நூலில் ஆர்10.4இல் அடங்கும், சி.எம். நூலில் ஆர்10.83. பிறந்து சில நாட்களேயான, அதிலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வயிறு ஊதினால் அதை “காஸ்” என்று எழுதிய கோவையை உடனே வைத்தியரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். குடல் அழுகல் அழற்சியும், பிறவியிலேயே நரம்புக்கணுக்கள் இல்லாத பெருங்குடலும் (கியூ43.1) அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.

அகராதித் தொகுதியில் தேடினால் வேறெங்கோ கொண்டுபோகிறது

உலக நூலின் மூன்றாம் தொகுதியாகிய அகராதியில் ‘காஸ்’ என்ற சொல்லின் கீழ் தேடுபவர் வாயு அழுகலுக்கும் (ஏ48.0) நச்சுவாயுத் தாக்கத்துக்கும் (ரி59.9) போய்ச் சேரலாம். சமையல் அறையில் வாயுக் கசிவை மூச்சிழுத்தவரின் கோவை ரி குடும்பத்துக்கே உரியது. உடம்பில் “வாய்வுப் பிடிப்பு” என்று வருபவருக்குத் தசை நோவு எம்79.1, நாரி நோவு எம்54.5; வயிற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதற்றத்தோடு காற்றை விழுங்கி ஏப்பமிடுபவருக்கு, அது மனநிலை சார்ந்தது என்று வைத்தியர் எழுதியிருந்தால், ஆர்14 விலக்கப்பட்டு உலக நூலில் எஃப்45.3 வரும், சி.எம். நூலில் எஃப்45.8.

மரணத்துக்குக் காரணம் ‘வாய்வு’ என்று எழுதப்பட்டிருக்கிறது

வீட்டில் திடீரென்று இறந்தவரைப் பற்றிக் குடும்பத்தினர் “இரவு வாய்வு அடைச்சுது எண்டு சொன்னவர்” என்பார்கள். அது ஒரு முறைப்பாடு. மரணத்தின் காரணமாக நிற்காது. பதினெட்டாம் அத்தியாயக் குறியீடுகள் மரணக் கணக்கில் தெளிவற்ற காரணங்களாகவே எண்ணப்படுகின்றன. குடும்பத்தினரின் சொற்களைத் திடீர் மரண விசாரணை அதிகாரி வாக்குமூலத்தில் பதியட்டும். அவரும் வைத்தியரும் நோவின் நேரம், வியர்த்தமை, முன்னிருந்த நீரிழிவு, குருதியமுக்கம், கிளினிக் கொப்பியின் பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி, மரணச் சான்றிதழின் முதற்பகுதியில் நேரடிக் காரணத்தை மேல்வரியிலும் அதற்கு அடிப்படையான நோயைக் கீழ்வரியிலும் எழுத வேண்டும். இறந்தவரின் பிள்ளைகளுக்குத் தம் குடும்பத்தில் இதய நோய் இருக்கிறது என்று தெரியவருவது அந்தக் கீழ்வரியால்தான்.

அனுப்பிய பின்னர் பிழை தெரியவருகிறது

பழைய குறியீட்டை வெள்ளை மையால் மூடவோ சுரண்டவோ கூடாது. அதன்மேல் ஒற்றைக் கோடிட்டு, படிக்கக்கூடியதாகவே விட்டு, பக்கத்தில் புதிய குறியீடு, திகதி, கையெழுத்து, திருத்தத்தின் காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும். வைத்தியரின் நோயறிதலே மாறுவதாயின் திருத்தமும் அவர் கையாலேயே வர வேண்டும். பதிவேட்டு அறையில் எழுதக்கூடாது. கணினியில் ஏற்றிய பதிவாயின் அங்கும் திருத்தி, அறிக்கை ஏற்கெனவே போயிருந்தால் திருத்திய அறிக்கையை எந்தக் காலாண்டுக்குரியது என்று குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். நோயாளரின் கையிலுள்ள டயக்னோசிஸ் கார்ட்டிலும் பழைய நோயறிதல் இருக்குமாதலால், அடுத்த கிளினிக் திகதியில் அவர் வரும்போது அதையும் வாங்கி, வைத்தியரிடம் கொடுத்துத் திருத்துவிக்க வேண்டும்.